‘ரன்’ என்ற சொல்லுக்குத் தமிழில் ஒரே சொல் போதுமா?

நொய்யல்கரை (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். பதினோரு ஆண்டுகளாக ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குக் கையேடுகளை மொழிபெயர்த்து வருகிறேன். துணி துவைக்கும் இயந்திரம் ஒன்றின் கையேட்டை முடித்து அனுப்பிய மூன்றாம் நாளே அது திருத்தக் குறிப்போடு என்னிடம் திரும்பி வந்துவிட்டது. ‘ரன்’ (run) என்ற ஆங்கிலச் சொல்லை எட்டு வெவ்வேறு தமிழ்ச் சொற்களால் பெயர்த்திருக்கிறேன் என்றும், தங்கள் சொற்பட்டியலில் அதற்கு ‘இயக்கு’ என்ற சொல் மட்டுமே ஏற்கப்பட்டிருப்பதால் எல்லா இடங்களிலும் அதையே இட்டுத் தர வேண்டும் என்றும் அந்தக் குறிப்பு கேட்கிறது.

நான் எழுதியவை இவைதான். முதன்முறை துணி போடாமல் இயந்திரத்தை ‘ஓட்டவும்’. கழிவுநீர்க் குழாய் பின்புறமாகச் ‘செல்லட்டும்’. தண்ணீர் தெளிந்து ‘வரும்’ வரை குழாயைத் ‘திறந்துவிடவும்’; ஆங்கிலத்தில் இந்த ஒரு வரியிலேயே ‘ரன்’ இரண்டு முறை வருகிறது. புதுத் துணியின் சாயம் ‘இறங்கக்கூடும்’. இயந்திரம் 230 வோல்ட் மின்சாரத்தில் ‘இயங்கும்’. சலவைத்தூள் ‘தீர்ந்துவிட்டால்’ விளக்கு எரியும். ஒரு சுற்றுக்கு 58 நிமிடங்கள் ‘ஆகும்’. இந்த எட்டையும் அழித்துவிட்டு ‘இயக்கு’ என்று எழுதினால், சாயம் இயங்கும், சலவைத்தூள் இயங்கி முடியும், தண்ணீர் தெளிவாக இயங்கும். இதை ஒரு வீட்டில் யாரோ ஒருவர் ஈரக் கையோடு புரட்டிப் படிக்கப்போகிறார் என்பதை நினைக்கும்போது எனக்கு மனம் ஒப்பவில்லை.

என் கேள்வி இதுதான். ஒரு சொல்லுக்கு ஒரு சொல் என்ற கொள்கையை எதுவரை ஏற்கலாம்? ஏற்க முடியாத இடத்தில், ‘எனக்கு அப்படித் தோன்றியது’ என்பதைத் தாண்டி, காரணத்தோடு மறுத்துச் சொல்ல என்ன வழி?

---

பழைய அச்சுக்கூடம்

வணக்கம் நண்பரே. நாளிதழ் ஒன்றில் மெய்ப்புத் திருத்துபவராகத் தொடங்கி உதவி ஆசிரியராக ஓய்வு பெற்றவன் நான். முதலில் உங்கள் எதிராளியின் அளவைத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் 1989-ஆம் ஆண்டு இரண்டாம் பதிப்பில் மிக நீண்ட பதிவைப் பெற்றிருந்த சொல் ‘செட்’. அதன் வினைவடிவத்துக்கு 430 பொருள்கள் வரை காட்டப்பட்டிருந்தன. விளக்கம் ஏறத்தாழ 60,000 சொற்களுக்கு நீண்டது. பின்னர் அந்த அகராதியை எழுத்து எழுத்தாகத் திருத்தி வந்தபோது, பீட்டர் கில்லிவர் என்ற அகராதியியலாளர் ‘ரன்’ என்ற ஒரு சொல்லுக்காக மட்டும் ஒன்பது மாதம் உழைத்தார். 2011-இல் அந்தப் பணி நிறைவுற்றபோது, வினைச்சொல்லாக மட்டும் அதற்கு 645 பொருள்கள் இருந்தன. பெயர்ச்சொல்லாக அது வரும் இடங்கள் இந்தக் கணக்கில் சேரவில்லை.

தாய்மொழிக்காரர் ஒருவருக்கே அதை வகைப்படுத்த ஒன்பது மாதம் தேவைப்பட்டதென்றால், உங்களுக்குப் பணி தந்த நிறுவனம் அதை ஒரு கட்டத்துக்குள் அடக்கியிருப்பது அவசரத்தில் செய்த வேலை என்றே கருதுகிறேன். இந்த எண்ணிக்கைகளை உங்கள் பதிலில் தயங்காமல் எழுதுங்கள்.

---

சொற்பட்டியல் காவலர்

மறுபக்கத்தையும் பேச ஒருவர் வேண்டும் என்பதால் எழுதுகிறேன். மென்பொருள்களைத் தமிழாக்கும் குழு ஒன்றில் சொற்பட்டியலைப் பேணும் பொறுப்பு என்னுடையது.

ஒரே சொல் என்ற விதி சோம்பலால் வந்ததன்று. திரையிலுள்ள பொத்தானில் ‘இயக்கு’ என்றும், கையேட்டில் ‘ஓட்டு’ என்றும், உதவிப் பக்கத்தில் ‘செயல்படுத்து’ என்றும் மூன்று பேர் மூன்று விதமாக எழுதிவைத்தால், பயனர் அந்தப் பொத்தானைத் தேடிக் களைத்துப்போவார். கணினியில் ‘ரன்’ என்பது ஒரு கட்டளையின் பெயர். 1964-இல் டார்ட்மவுத் கல்லூரியில் உருவான பேசிக் மொழியிலேயே நிரலைத் தொடங்கும் கட்டளை அதுதான். கட்டளைக்கு ஒரு பெயர்தான் இருக்க முடியும். அந்தப் பெயரை நாளுக்கொன்றாக மாற்றிக்கொண்டிருந்தால் தொழில்நுட்பத் தமிழ் என்ற ஒன்று நிலைபெறாது.

நொய்யல்கரை அவர்கள் காட்டிய எட்டு இடங்களில் பெரும்பாலானவற்றில் ‘இயக்கு’ பொருந்தாது என்பதை முழு மனத்தோடு ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ‘ஓட்டவும்’ என்று அவர் எழுதிய முதல் இடத்தில் ‘இயக்கவும்’ என்றே இருந்திருக்கலாம். ‘ஓட்டு’ என்பது பேச்சு வழக்கு. அச்சில் வரும் கையேட்டுக்கு அது தகாது என்பது என் கருத்து.

---

வைகை ஆசிரியர்

காவலர் அவர்களுக்கும் மற்றோருக்கும் வணக்கம். பள்ளியில் தமிழ் கற்பிக்கிறேன். இரண்டு செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன். சற்று நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நொய்யல்கரை ஐயா ‘காரணத்தோடு மறுக்க வழி உண்டா’ என்று கேட்டிருந்தார். தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் முதல் இயலாகிய கிளவியாக்கத்தில் அதற்கு விடை இருக்கிறது. பல பொருள் தரும் ஒரு சொல்லைத் தொல்காப்பியர் ‘பலபொருள் ஒருசொல்’ என்று அழைத்து அதை இரண்டாகப் பிரிக்கிறார். முதல் வகையில் எந்தப் பொருள் என்பது எப்படித் தெரியவரும் என்பதற்கு, ‘வேறுபடு வினையினும் இனத்தினும் சார்பினும் தேறத் தோன்றும் பொருள்தெரி நிலையே’ என்று மூன்று கருவிகளைத் தருகிறார். உரையாசிரியர்கள் ‘மா’ என்ற சொல்லை வைத்து இதை விளக்குவார்கள். ‘மா பூத்தது’ என்றால் பூத்தல் என்ற வினையால் அது மரம் என்று தெரிகிறது. ‘மாவும் மருதும் ஓங்கின’ என்றால் பக்கத்தில் நிற்கும் மருது என்ற இனத்தால் தெரிகிறது. கவசம் அணிந்து நிற்கும் ஒருவன் ‘மாக் கொணா’ என்றால், அவன் நிற்கும் நிலையாகிய சார்பினால் அவன் கேட்பது குதிரை என்று தெரிகிறது.

இந்த மூன்றையும் ‘ரன்’ மீது வைத்துப் பாருங்கள். அது வினையாக வரும்போது, அதனோடு வரும் எழுவாயும் செயப்படுபொருளும்தான் இனமும் சார்பும். ஓடுவது சாயமா, தண்ணீரா, குழாயா, நேரமா என்று முதலில் கேட்க வேண்டும். ஆகவே உங்கள் நிறுவனத்தின் பட்டியலில் நெடுவரிசையாக ஒரு பத்தி குறைகிறது என்பதே என் எண்ணம். ஆங்கிலச் சொல், தமிழ்ச் சொல் என்ற இரண்டுக்கும் நடுவே ‘எது’ என்ற ஒரு பத்தியைச் சேர்த்தால், எட்டுத் தமிழ்ச் சொற்களும் எட்டு விதிகளாகிவிடும். அவற்றை இனி யாரும் முரண்பாடு என்று சொல்ல முடியாது.

இரண்டாவது, ‘ஓட்டு’ பேச்சு வழக்கு என்ற கருத்து. அதை நான் பணிவோடு மறுக்கிறேன். பழைய ஆங்கிலத்தில் இரண்டு வினைகள் இருந்தன: தானே ஓடுவதைக் குறிக்க ‘ரின்னன்’ அல்லது ‘இர்னன்’, ஓடச் செய்வதைக் குறிக்க ‘ஏர்னன்’. காலப்போக்கில், ஸ்காண்டிநேவியரின் பழைய மொழியாகிய நார்ஸின் செல்வாக்கும் சேர, இரண்டும் கலந்து ‘ரன்’ என்ற ஒன்றாயின. ஜெர்மன் மொழி இன்றும் இவற்றின் உறவுச் சொற்களைத் தனித்தனியாக வைத்திருக்கிறது. நீர் வழிந்தோடுவதற்கு ‘ரின்னென்’. மனிதர் ஓடுவதற்கு ‘ரென்னென்’, அது பிறவினையாகத் தோன்றிய சொல். ஆங்கிலம் கலந்துவிட்ட இந்த வேறுபாட்டைத் தமிழ் ஓர் ஒற்றெழுத்தால் காத்து வருகிறது: ‘ஓடு’ தன்வினை, ‘ஓட்டு’ பிறவினை. ஆடு, ஆட்டு, கூடு, கூட்டு, ஏறு, ஏற்று என்ற வரிசையில் இது இயல்பாக அமர்கிறது. இயந்திரம் ஓடுகிறது, இயந்திரத்தை ஓட்டுகிறோம். இதைவிடச் செம்மையான இலக்கணம் எந்தக் கையேட்டுக்கு வேண்டும்?

ஒரு பிற்சேர்க்கை. நீர் பாய்வதும் கால் விரைவதும் ஆங்கிலத்தில் ஒரே சொல்லுக்குள் இருப்பது போலவே நம்மிடமும் இருக்கின்றன. ஆறும் ஓடும், பிள்ளையும் ஓடும். இரண்டு மொழிகளும் ஒன்றையொன்று அறியாத காலத்திலேயே ஒரே வகையில் உலகைப் பார்த்திருக்கின்றன என்பது எனக்கு எப்போதும் மகிழ்ச்சி தரும் செய்தி.

---

தேம்ஸ் செவிலி

ஆசிரியர் ஐயா சொன்ன ‘எது’ என்ற பத்தியைப் படித்ததும் நானும் எழுதலாம் என்று தோன்றியது. இலண்டனில் ஒரு மருத்துவமனையில் செவிலியராக இருக்கிறேன். தமிழ் மட்டுமே தெரிந்த முதியவர்கள் வரும்போது என்னை அழைப்பார்கள்.

இங்கே ‘ரன்’ இல்லாமல் ஒரு காலைச் சுற்று முடியாது. மூக்கு ‘ரன்’ ஆகிறது என்றால் நமக்கு மூக்கு ஒழுகுகிறது. உடல்வெப்பம் ‘ரன்’ ஆகிறது என்றால் காய்ச்சல் அடிக்கிறது. நீரிழிவு குடும்பத்தில் ‘ரன்’ ஆகிறது என்றால், ‘எங்கள் வீட்டில் எல்லாருக்கும் சர்க்கரை உண்டு’ என்று நம் மக்கள் சொல்வதுதான் அது. பரிசோதனைகளை ‘ரன்’ செய்வோம் என்று மருத்துவர் சொன்னால், இரத்தம் எடுத்துப் பார்ப்போம் என்று நான் சொல்கிறேன். சலைன் ‘ரன்’ ஆகிறதா என்ற கேள்விக்கு மட்டும் தமிழில் இரண்டு விடைகள் உண்டு. புட்டியைப் பார்க்கும் நான் ‘இறங்குகிறது’ என்பேன். கட்டிலில் கிடக்கும் அம்மாவைப் பார்க்கும் மகள் ‘ஏறுகிறது’ என்பாள். ஒரே துளியைத்தான் இருவரும் சொல்கிறோம். ஆங்கிலத்துக்கு இந்த வேறுபாடு தேவைப்படவே இல்லை.

ஆனால் நான் எழுத வந்தது வேறொன்று. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பாட்டியோடு அவருடைய பேரன் வந்திருந்தான். பன்னிரண்டு வயதிருக்கும், இங்கே பிறந்த பிள்ளை. நான் வேறு அறையில் இருந்ததால், மருத்துவர் அந்தப் பிள்ளையின் வழியாகவே பாட்டியிடம், ‘த ரன்ஸ்’ இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார். ஆங்கிலப் பேச்சில் அதற்கு வயிற்றுப்போக்கு என்று பொருள். பேரன் அதைப் பாட்டியிடம், ‘நீங்கள் ஓடுகிறீர்களா’ என்று கேட்டிருக்கிறான். முழங்கால் வலியால் நடக்கவே சிரமப்படும் அவர், இல்லை என்று தலையசைத்திருக்கிறார். மருத்துவரும் இல்லை என்றே குறித்துக்கொண்டார். நான் வந்து மறுபடி கேட்டபோதுதான், மூன்று நாளாக அவருக்குப் பேதியாகிக்கொண்டிருந்தது தெரிந்தது. நாக்கு வறண்டிருந்தது. இன்னும் ஒரு நாள் கழிந்திருந்தால் சிறுநீரகம் வரை போயிருக்கும். அந்தப் பிள்ளையின் மேல் குற்றமில்லை. அவனுக்குத் தெரிந்த ஒரே ‘ரன்’ அதுதான். அன்றிலிருந்து குழந்தைகளை மொழிபெயர்க்கச் சொல்ல வேண்டாம் என்று எல்லா மருத்துவர்களிடமும் வேண்டிக்கொண்டு வருகிறேன்.

---

வடமராட்சி வாசகன்

செவிலி அக்கா எழுதியதைப் படித்துவிட்டுச் சிறிது நேரம் எதுவும் எழுத முடியவில்லை. ஏனென்றால் அந்தப் பாட்டி எங்கள் ஊரைச் சேர்ந்தவராக இருந்து, அந்தப் பிள்ளைக்கும் எங்கள் சொல் தெரிந்திருந்தால், பொருள் சரியாகப் போய்ச் சேர்ந்திருக்கும். இலங்கைத் தமிழில் அந்த நோயை ‘வயிற்றோட்டம்’ என்றே சொல்கிறோம். வைத்தியசாலை அறிவித்தல்களிலும் அதே சொல்தான். ‘ரன்ஸ்’ என்பதற்கு இதைவிட நெருங்கிய தமிழ்ச் சொல் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

ஆசிரியர் ஐயாவிடம் ஒரு விண்ணப்பம். ஓடு தன்வினை, ஓட்டு பிறவினை என்ற உங்கள் விதி எங்கள் பேச்சில் நிற்காது. நாங்கள் ‘கார் ஓடுவோம்’, ‘சைக்கிள் ஓடப் பழகுவோம்’. காரை ஓட்டுவது என்று நீங்கள் சொல்லும் இடத்தில் ‘ஓடு’ என்பதையே செயப்படுபொருளோடு சேர்த்துச் சொல்கிறோம். தமிழ்நாட்டு நண்பர்கள் ‘காரா ஓடுகிறது, நீங்களா ஓடுகிறீர்கள்’ என்று கேட்டதுண்டு. பழைய ஆங்கிலத்தில் இரண்டு வினைகள் ஒன்றாகக் கலந்தன என்று நீங்கள் எழுதியதைப் படித்தபோது, எங்கள் ஊரில் நடந்ததும் அதே வகையானதுதானே என்று தோன்றியது. அதைப் பிழை என்று கொள்வீர்களா?

கிரிக்கெட் என்னும் துடுப்பாட்டத்திலும் எங்கள் பத்திரிகைகள் ‘ஓட்டங்கள்’ என்றே எழுதும். தமிழ்நாட்டு நாளிதழ்களில் ‘ரன்’ என்று பார்க்கும்போது, கையில் ஒரு நல்ல சொல் இருக்க ஏன் கடன் வாங்குகிறார்கள் என்று நினைப்பேன்.

---

வைகை ஆசிரியர்

வடமராட்சித் தம்பிக்கு. பிழை என்று சொல்லவே மாட்டேன். ஒரு பெரிய சமூகம் தலைமுறைகளாக ஐயமின்றிப் பேசிப் பொருள் கொள்ளும் ஒன்று வழக்கு. வழக்கைப் பார்த்து எழுதப்படுவதுதான் இலக்கணம். நான் சொன்ன விதியைத் தமிழ் முழுவதற்கும் உரியதாகச் சொன்னது என் அவசரம். தமிழ்நாட்டு எழுத்து வழக்குக்கு உரியது என்று திருத்திக்கொள்கிறேன். இந்த எடுத்துக்காட்டை இனி வகுப்பிலும் சொல்வேன். நன்றி.

---

பழைய அச்சுக்கூடம்

தம்பி துடுப்பாட்டத்தைத் தொட்டுவிட்டதால் பதில் சொல்லியாக வேண்டும். எங்கள் மேசையில் இந்த வாதம் பல இரவுகள் நடந்திருக்கிறது.

நாங்கள் ‘ரன்’ என்று எழுதியதற்குக் காரணம் உண்டு. 22 கஜம் நீளமுள்ள ஆடுகளத்தில் இரண்டு மட்டையாளர்கள் எதிரெதிரே ஓடி இடம் மாறினால் ஒரு ரன் என்பது அதன் அடிப்படை. ஆனால் பந்து எல்லைக்கோட்டைத் தொட்டால், யாரும் ஓட வேண்டியதில்லை, நான்கு. தாண்டி விழுந்தால் ஆறு. பந்து வீசியவர் அகலமாக வீசினாலே ஒன்று. ஆங்கிலத்திலேயே அந்தச் சொல் ஓட்டத்தை விட்டு விலகி ஒரு கணக்கலகின் பெயராகிவிட்டது. பதினெட்டாம் நூற்றாண்டில் கணக்கு வைப்பவர்கள் ஒரு கோலில் கீறல் வெட்டி எண்ணியதால், அன்று அதற்குப் பெயரே ‘கீறல்’ என்ற பொருளுடைய ‘நாட்ச்’ என்பதுதான். அலகின் பெயரை அப்படியே எடுத்துக்கொள்வதில் தவறில்லை என்பது எங்கள் வாதம். ‘ஓட்டங்கள்’ அழகான சொல் என்பதில் எனக்கும் ஐயமில்லை.

தேர்தல் செய்திகளில்தான் உண்மையான சிக்கல் வரும். அமெரிக்காவில் வேட்பாளர் பதவிக்கு ‘ரன்’ ஆகிறார், அதாவது ஓடுகிறார். பிரிட்டனில் அதே வேட்பாளர் ‘ஸ்டாண்ட்’ செய்கிறார், அதாவது நிற்கிறார். தமிழில் நாமும் நிற்கிறோம்: ‘நம் தொகுதியில் யார் நிற்கிறார்’ என்றுதான் கேட்போம். ஒருமுறை அமெரிக்கச் செய்தி ஒன்றைப் பெயர்த்த புதிய இளைஞர், இன்னார் அதிபர் பதவியை நோக்கி ஓடுகிறார் என்று எழுதிவிட்டார். அச்சுக்குப் போகும் முன் ‘போட்டியிடுகிறார்’ என்று மாற்றினேன். துணை அதிபர் வேட்பாளரை அவர்கள் ‘ரன்னிங் மேட்’ என்பது பந்தயக் குதிரைகளிலிருந்து வந்தது. ஒரே கொட்டிலைச் சேர்ந்த முதன்மைக் குதிரைக்கு வேகம் அமைத்துக் கொடுக்க உடன் ஓடவிடப்படும் குதிரைக்கு அந்தப் பெயர். அதைத் தமிழில் ‘உடன் ஓடுபவர்’ என்றால் வாசகருக்கு எதுவும் விளங்காது.

---

நாள்கணக்கு

நான் வங்கி ஊழியர். எங்கள் துறையின் ‘ரன்’ ஒன்று இன்னும் தமிழில் வீடு கிடைக்காமல் அலைகிறது. ஒரு வங்கி விழுந்துவிடும் என்ற அச்சத்தில் வைப்பாளர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் பணத்தைத் திரும்பக் கேட்பதை ‘பேங்க் ரன்’ என்கிறார்கள். சில மொழிபெயர்ப்புகளில் இதை ‘வங்கி ஓட்டம்’ என்று பார்த்திருக்கிறேன். படிப்பவருக்கு வங்கியே ஓடிவிட்டது போலத் தோன்றும்.

2007 செப்டம்பரில் பிரிட்டனின் நார்தர்ன் ராக் வங்கி வாசல்களில் மக்கள் கூடிய படங்களைப் பார்த்திருப்பீர்கள். அங்கே ஒருவரும் ஓடவில்லை. தெருமுனை வரை வரிசையில் பொறுமையாக நின்றார்கள். 2023 மார்ச் 9 அன்று அமெரிக்காவின் சிலிக்கான் வேலி வங்கியில் ஒரே நாளில் 4,200 கோடி டாலரைத் திரும்பக் கேட்டபோது, பெரும்பாலோர் நாற்காலியை விட்டுக்கூட எழவில்லை. கைப்பேசியிலும் கணினியிலும் விரலை அழுத்தினார்கள். அப்படியானால் ‘ரன்’ எங்கே இருக்கிறது? வங்கி தன்னிடம் வந்த வைப்புகளில் பெரும்பகுதியை நீண்டகாலக் கடனாகவும் பத்திரமாகவும் வெளியே வைத்திருக்கும். கையிருப்பு சிறு பகுதியே. எனவே முதலில் வருபவருக்கு முழுப் பணம், கடைசியில் வருபவருக்கு ஒன்றும் கிடைக்காமல் போகலாம். பிறரை முந்த வேண்டும் என்ற அந்தத் துடிப்புதான் இங்கே ஓட்டம்.

ஆகவே ‘முண்டியடிப்பு’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். ‘வங்கியில் முண்டியடிப்பு’ என்றால் கூட்டமும் அச்சமும் முந்தும் ஆசையும் மூன்றும் சேர்ந்து வருகின்றன. நின்றுகொண்டும் முண்டியடிக்கலாம்.

---

சொற்பட்டியல் காவலர்

நாள்கணக்கு அவர்களின் சொல் எனக்குப் பிடித்திருக்கிறது. கைப்பேசியில் பணம் எடுப்பதற்கும் அது பொருந்துமா என்ற சிறு தயக்கம் மட்டும் உண்டு. ஆனால் ஆங்கிலச் சொல்லும் அங்கே உருவகமாகத்தானே நிற்கிறது.

‘எது’ என்ற பத்தியை எங்கள் பட்டியலில் சேர்த்துப் பார்த்தேன். ‘ரன்’ வந்த அறுபத்திரண்டு தொடர்களில் கட்டளையாக வரும் இருபத்தாறு இடங்களில் ‘இயக்கு’ அப்படியே நின்றது. மற்றவற்றில் பெரும்பாலானவை, செயப்படுபொருளைப் பார்த்ததும் தாமாகவே பிரிந்துவிட்டன. ‘ஓட்டு’ பேச்சு வழக்கு என்று நான் சொன்னதையும் திரும்பப் பெறுகிறேன். எங்கள் குழுவின் நிரலாளர்களே ‘ஒருமுறை ஓட்டிப் பார்’ என்றுதான் தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்கள்.

---

நொய்யல்கரை

எல்லாருக்கும் நன்றி. இத்தனை நாள் பதில் எழுதாமல் இருந்ததற்குக் காரணம், நீங்கள் சொன்னவற்றை வைத்து உண்மையிலேயே ஒரு பட்டியலைச் செய்துகொண்டிருந்தேன்.

அதைச் செய்யும்போது கண்ட இரண்டை உங்களோடு பகிர வேண்டும். முதலாவது, ‘ஓட்டு’ என்ற சொல்லுக்குள் நாம் மறந்துவிட்ட ஒரு பொருள் இருக்கிறது. நிறுவனத்தை ‘ரன்’ செய்வது என்றால் உடனே ‘நடத்துவது’ என்று எழுதுகிறோம், அது சரியே. ஆனால் வ. உ. சிதம்பரனாரை நாம் கப்பலோட்டியவர் என்று சொல்லும்போது, அவர் சுக்கான் பிடித்துக் கப்பலைச் செலுத்தினார் என்று யாரும் பொருள் கொள்வதில்லை. 1906-இல் சுதேசி நீராவிக் கப்பல் நிறுவனத்தை நிறுவித் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் விட்டார் என்றுதான் கொள்கிறோம். ஒரு நிறுவனத்தை ‘ரன்’ செய்வது என்பதன் முழுப் பொருளும் அந்த ஒரு சொல்லில் இருக்கிறது. குடும்பத்தை ஓட்டுகிறேன் என்று நம் வீடுகளில் சொல்வதும் அதே பொருளில்தான்.

இரண்டாவது, சொல் ஒன்றாக இருந்தும் பொருள் வழுக்கிவிடும் ஓரிடம். ஆங்கிலத்தில் ஒரு படம் இரண்டு வாரம் ‘ரன்’ ஆனது என்றால் அது வெறும் கால அளவு. தமிழில் படம் ‘ஓடியது’ என்றாலே வெற்றி பெற்றது என்று பொருள். ‘ஓடவில்லை’ என்றால் தோல்வி. கடை ஓடவில்லை என்பதும் அப்படியே. இங்கே ‘ஓடியது’ என்று சொல்லுக்குச் சொல் பெயர்ப்பவர், ஆங்கில மூலத்தில் இல்லாத ஒரு தீர்ப்பைத் தம்மையறியாமலே எழுதிவிடுகிறார். நான் இதே பிழையை ஒரு கட்டுரையில் செய்திருக்கிறேன் என்று இப்போதுதான் உணர்கிறேன்.

மூன்று பத்திகள் கொண்ட பட்டியலை, ஒவ்வொரு வரிக்கும் காரணத்தோடு, நேற்று அனுப்பியிருக்கிறேன். ஒரே ஓரிடத்தில் மட்டும் எனக்கே முழு நிறைவில்லை. புதிய இயந்திரத்தை முதன்முறை துணி போடாமல் ஓட்டும் அந்தச் சுற்றுக்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர் இருக்கிறது. தமிழில் அதை ஒரு முழு வாக்கியமாகத்தான் எழுத முடிந்தது. ஆசிரியர் ஐயா ஏதாவது சொல்ல இயலுமா?

---

வைகை ஆசிரியர்

ஐயா, அதற்கு நம்மிடம் மிகப் பழகிய ஒரு சொல் இருக்கிறது. கோயிலுக்குப் புதிதாகத் தேர் செய்தால், சாமியை எழுந்தருளச் செய்வதற்கு முன், வெறும் தேரை வீதியில் ஒருமுறை இழுத்துப் பார்ப்பார்கள். சக்கரம் சரியாக உருளுகிறதா, அச்சு தாங்குகிறதா, முனையில் திரும்புகிறதா என்று பார்ப்பதற்காக. அதன் பெயர் வெள்ளோட்டம். புதுக் கப்பலுக்கும் அதே சொல் உண்டு. துணி ஏற்றாமல் ஓட்டிப் பார்க்கும் சலவை இயந்திரத்துக்கு அதைக் கொடுப்பதில் எந்தத் தடையும் இல்லை.

---

நொய்யல்கரை

நேற்று இரவே அந்தச் சொல்லைச் சேர்த்து மறுபடி அனுப்பிவிட்டேன், ஐயா. இன்று காலை பதில் வந்தது. எட்டில் ஏழு சொற்களை ஏற்றுக்கொண்டார்கள். சாயம் ‘இறங்கும்’ என்பதை மட்டும் ‘சாயம் போகும்’ என்று மாற்றச் சொல்கிறார்கள். சாயம் போவது வேறு, இறங்கிப் பக்கத்துத் துணியில் ஏறுவது வேறு என்று விளக்கி எழுதிக்கொண்டிருக்கிறேன். பன்னிரண்டாம் பக்கத்தின் தலைப்பு ‘முதல் வெள்ளோட்டம்’ என்று மாறிவிட்டது.